சுவருக்கு வைத்த வெளிச்சம்

ஓசூரில் நான் எடுத்த ஒரு படத்தால் ஒருவருடைய வலது கை உடைந்தது. உடைந்த அந்தக் கையை எக்ஸ்ரே எடுத்தவளும் நான்தான். இரண்டுக்கும் இடையில் மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் ரேடியோகிராஃபி டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை அண்ணன்தான் இங்கே அழைத்துவந்தான். அவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவனுக்குத் தெரிந்தவர் மூலமாகப் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை கிடைத்தது. இரண்டு அறை வாடகை வீடு. முன்னறையில் அவன், உள்ளறையில் நான்.

அந்த ஊரில் எக்ஸ்ரே அறைக்கு ஓய்வே கிடையாது. பிரஸ்ஸில் மாட்டி நசுங்கிய விரல்கள் ஷிஃப்டுக்கு ஒன்றாவது வரும். ஹைவேயில் லாரிக்கு அடியில் போனவர்கள், குடித்துவிட்டு பாட்டிலால் குத்திக்கொண்டவர்கள், சானமாவுப் பக்கம் ராகிக் கொல்லையில் காவலுக்குப் படுத்திருந்து யானை தூக்கிப்போட்ட ஒருவர். உடைந்த கையை ஒரு பக்கமாகப் படம் எடுத்தால் போதாது. திருப்பி வைத்து இன்னொன்றும் எடுக்க வேண்டும். திருப்பும்போது கத்துவார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். ஒருவர் என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்திருக்கிறார். “அசையாதீங்க, மூச்ச இழுத்துப் புடிங்க” என்று சொல்லிக்கொண்டே நான் பட்டனை அழுத்துவேன். முதல் ஆறு மாதம் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. படம் தெளிவாக விழுந்ததா, எலும்பின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்பது மட்டுமே என் கவலையாக இருந்தது.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் சவுதிக்குப் போகும்போது, இருட்டறை அலமாரியில் ஒரு பழைய கேமராவை விட்டுவிட்டுப் போயிருந்தார். வெளிச்சம் அளக்கும் முள் செத்துப்போயிருந்தது. ஷட்டர் மட்டும் வேலை செய்தது. பெங்களூர் போய்வரும் நர்ஸ் ஒருத்தியிடம் சொல்லிக் கறுப்பு வெள்ளை ரோல் வாங்கிவரச் செய்தேன். ரோல் வந்த அட்டைப்பெட்டியின் உள்பக்கத்தில் சூரியன், மேகம், நிழல் என்று சின்னச் சின்னதாகப் படம் போட்டு, எதற்கு எந்த எண்ணை வைக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். அதைக் கத்தரித்துக் கேமராவின் முதுகில் ஒட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் படித்த பாடம்.

ரோலைக் கழுவுவது ஆஸ்பத்திரி இருட்டறையில். எக்ஸ்ரே ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளலாம். கேமரா ரோலுக்கு அதுவும் ஆகாது. கும்மிருட்டில் தடவித் தடவிச் செய்ய வேண்டும். எக்ஸ்ரேவுக்கு வைத்திருக்கும் டெவலப்பரையே ஊற்றினேன். அது முரட்டு மருந்து. எலும்பையும் சதையையும் பிரித்துக் காட்டுவதற்கென்று செய்தது. தெருவை அதில் கழுவினால் நடுவில் இருக்கிற சாம்பல் நிறமெல்லாம் போய்விடும். தார் மாதிரிக் கறுப்பும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையும்தான் மிஞ்சும். எனக்கு அது பிடித்திருந்தது. அழகு என்றே நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. கேமராவோடு தனியாக நிற்கும் பெண்ணை யாரும் சும்மா விட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் வாரைப் பிடித்து இழுத்ததில் கழுத்துத் தோல் உரிந்தது. மார்க்கெட்டில் ஒரு பெண் அழுகிய தக்காளியை எறிந்தாள். அதனால் வேகமாக எடுக்கப் பழகியிருந்தேன். ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன். எங்கே வெள்ளை, எங்கே கறுப்பு என்று மட்டும் பார்ப்பேன். அழுத்துவேன், நகர்ந்துவிடுவேன்.

சிப்காட் மூலையில் ஒரு கம்பெனியின் நீளமான காம்பவுண்டுச் சுவர் இருந்தது. புதிதாக வெள்ளை அடித்தது. சாயங்காலம் ஜெனரல் ஷிஃப்ட் விடும் நேரத்தில் மேற்கே இறங்கும் வெயில் அந்தச் சுவர் முழுக்க விழும். ரோட்டில் போகிறவர்களின் நிழல் அதில் ஆளைவிடப் பெரிதாக நடந்துபோகும். அதற்காகவே அன்று அங்கே போயிருந்தேன். எதிரே ஒரு டிபன் தள்ளுவண்டி. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தோசை திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி தட்டு கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் சாக்கடைமேல் கட்டியிருந்த கல்வெர்ட்டின் கட்டைமேல் ஏறி நின்றிருந்தேன்.

கம்பெனி பஸ் ஒன்று திரும்பியது. ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். யூனிஃபார்ம் மேல்சட்டை போட்ட கான்ட்ராக்ட் பெண். இருபது வயதுகூட இருக்காது. பின்சக்கரம். சாக்குமூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அந்தச் சத்தம்தான் கேட்டது. 

டிரைவர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கதவைத் திறந்து இறங்கி, முட்டி போட்டு, பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது முதல் அடி விழுந்தது. யாரோ ஒருவன் செவிட்டில் அறைந்தான். “கொல்றா அவன!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். ஷிஃப்ட் விட்டு வந்தவர்கள், பஸ்ஸிலிருந்தே இறங்கியவர்கள், யார் என்ன என்று தெரியாமல் ஓடிவந்தவர்கள் எல்லோரும் அவர்மேல் விழுந்தார்கள். சட்டையைப் பிடித்து ரோட்டோரம் தரதரவென்று இழுத்துப்போய்ச் சுவரோடு சாய்த்து மிதித்தார்கள். செருப்புக் கால், ஷூக் கால், டிபன் பாக்ஸ். ஒருவன் இரும்புக் கம்பி வைத்திருந்தான். கம்பி எலும்பில் படும்போது வரும் சத்தம் எனக்குப் புதிது. உடைந்த பிறகுதான் நான் எலும்பைப் பார்த்திருக்கிறேன், உடையும்போது கேட்டதில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். நான் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டேன். கேமராவின் எண்ணைச் சுவரின் வெளிச்சத்துக்கு வைத்தால் ஆட்கள் கறுத்துப்போவார்கள். ஆட்களுக்கு வைத்தால் சுவர் வெளுத்து நிழல்கள் போய்விடும். சுவருக்கு வைத்தேன். லென்ஸ் வளையத்தைத் திருப்பினேன்.

நான்கு முறை அழுத்தினேன். நான்காவது அழுத்தும்போது யாரோ என் காலைத் தட்டிவிட்டார்கள். கட்டையிலிருந்து விழுந்தேன். அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது.

டிரைவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். எனக்குப் போன் வந்து நானும் போனேன். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. விலா எலும்பு நான்கு. ஆளுக்கு நினைவே இல்லை. மண்டையைப் படம் எடுக்கும்போது அவருடைய ரத்தம் என் முழங்கைவரை ஆகியிருந்தது. பெங்களூருக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். அவளுக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை.

மறுநாள் டூட்டி முடிந்ததும் ரோலைக் கழுவினேன். மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. பயத்தில் இல்லை. அப்படி ஒரு படம் நான் அதுவரை எடுத்ததில்லை. வெள்ளைச் சுவர். கீழே டிரைவர் தலையைக் கையால் மூடிச் சுருண்டு கிடக்கிறார். அவர்மேல் ஒரு மனிதன் குனிந்திருக்கிறான். ஒரு கை டிரைவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. மற்ற கை தலைக்குமேல் ஓங்கியிருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, பாதி முகத்தில் மட்டும் வெயில், வாய் பிளந்திருக்கிறது. ஓங்கிய முஷ்டிக்கு நேர்மேலே, சுவரில், நீளமாக ஒரு கம்பி. சுற்றிலும் கூட்டத்தின் நிழல்கள்.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு ஸ்டுடியோக்காரர் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தருவார். அவர் நெகட்டிவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “நீயாம்மா எடுத்த? என் சர்வீசுல இப்படி ஒண்ணு பாத்ததில்ல. கடைக் கண்ணாடியில வச்சிக்கட்டுமா?” என்றார். வையுங்கள் என்றேன். அவர் ஃபிரேம் போட்டு வைத்தார். நான் இரண்டு முறை வேண்டுமென்றே அந்தப் பக்கமாக நடந்துபோய் அதைப் பார்த்தேன். ஆட்கள் நின்று பார்ப்பதையும் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

அதற்கு அப்புறம் ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு, வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிபன் வண்டிக்காரர் எக்ஸ்ரே அறைக்குள் வந்தார். கூடவே மனைவி, புடவையெல்லாம் ரத்தத்தோடு. எனக்குப் பார்த்த முகமாகத் தெரிந்தது. எங்கே பார்த்தோம் என்பது சட்டென்று பிடிபடவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கை தனியாக மடங்கித் தொங்கியது.

“எப்படிங்க ஆச்சு?” என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

மனைவிதான் பேசினார். “நாலு பேரு வந்தாங்கம்மா. போட்டோ ஒண்ண காட்டி, இது நீதானேன்னு கேட்டாங்க. இவரு ஆமாங்கன்னாரு. தலைய ஆட்டுனதுதான், கம்பிய எடுத்துட்டாங்க. ரோட்டோரம் கெடந்த கல்லுமேல கைய வச்சி அடிச்சாங்கம்மா. எண்ணெச்சட்டிய கவுத்துட்டாங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “நான் நெனச்சேன்மா, அந்த டிரைவரு ஊட்டு ஆளுங்க, நன்றி சொல்ல வந்திருக்காங்கன்னு. நான்தானே அவன தூக்கிவுட்டேன். அதான் ஆமான்னேன்.”

ஃபிலிம் போட்ட எக்ஸ்ரே கேசட்டை மேசைமேல் வைத்தேன். அவர் அதன்மேல் கையை வைத்தார். ஒரு படம் எடுத்தேன். “இப்ப திருப்பணும்ங்க” என்றேன். திருப்பினேன். அந்த மனிதர் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். “அசையாதீங்க” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அசைந்துவிட்டார். மறுபடியும் திருப்ப வேண்டியதாயிற்று. அவர் கத்தலுக்கு நடுவே எனக்கு இன்னொரு சத்தம் ஞாபகம் வந்தது. கல்வெர்ட்டின் மேல் நின்றபோது என் காதில் விழுந்து, நான் கவனிக்காமல் விட்ட சத்தம். அந்தப் பிளந்த வாய் சொன்ன வார்த்தை. “எந்திரி! எந்திரிடா! ஓடு!”

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் அவருடைய எலும்புகள் ஃபிலிமில் மேலே வந்தன. முன்கையின் இரண்டு எலும்பும் முழுசாகத் துண்டாகியிருந்தன. டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்த என் நெகட்டிவை எடுத்து எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது படத்தில் அந்தக் கம்பி யாருடைய கையிலும் இல்லை. அது சுவரில் விழுந்த நிழல். ஃபிரேமுக்கு வெளியே, பின்னால் நின்றவனுடையது. இவருடைய கை வெறும் கை. விழப்போகிற அடியைத் தடுக்கத் தூக்கியது. விரல்கள் விரிந்திருந்தனவா, மடங்கியிருந்தனவா என்பதைக்கூட அந்த மருந்து விழுங்கிவிட்டது. எல்லாம் ஒரே கறுப்பு. நான்காவது படம் ஆடிப்போயிருந்தது. விழும்போது எடுத்தது. அதை நான் ஒருதரம்கூட உற்றுப் பார்த்திருக்கவில்லை. அதில் அவர் டிரைவரின் கையைத் தன் தோளில் போட்டு வாட்ச்மேன் நிற்கும் கம்பெனி கேட் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார். அவர் முதுகில் ஒரு ஷூக் கால். ஆடியிருந்தாலும் அது தெரிந்தது.

ஸ்டுடியோவுக்கு ஓடினேன். கண்ணாடியில் படம் இருந்தது. “இத யாருக்காவது குடுத்தீங்களா?” என்றேன்.

“டிரைவரோட அண்ணன்னு ஒருத்தர் வந்து அழுதாரும்மா. பாவமா இருந்துச்சு. அன்னிக்கே கூடப் போட்டு வச்சிருந்த காப்பி ஒண்ண குடுத்தேன். ஏன்?”

நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஃபிரேமைக் கழற்றிக் குப்புற வைத்தார். நான்காவது நெகட்டிவை நீட்டினேன். “இது ஆடிப்போயிருக்கேம்மா, பிரிண்டுக்கு ஆகாது” என்றார். “போடுங்க” என்றேன். எங்கே கறுப்பு அடைகிறதோ அங்கே வெளிச்சத்தைக் கையால் மறைத்து மறைத்து, நான்கு தாள் வீணாக்கி, ஐந்தாவதில் இரண்டு பேருடைய முகத்தையும் கொண்டுவந்தார். சுவர் அழுக்காகச் சாம்பலாக வந்தது. ஒழுங்கற்ற படம்.

அதை எடுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நீ எதுக்குடி அங்க போற? கைய ஒடச்சவனுங்க வீட்டுக்கா?”

“நான் எடுத்த படம்ணே.”

“அந்தக் கூட்டத்துல எங்க கம்பெனி ஆளுங்களும் இருந்தாங்க தெரியுமா? நாலு படமும் வெளிய வந்தா நாளைக்கு என் லைன்ல நான் நிக்க முடியுமா?”

“நான் போகணும்.”

எச்சில் கையாலேயே அறைந்தான். காதுக்குள் ஊசி போட்டதுபோல் ஒரு சத்தம் வந்து நிற்கவே இல்லை. நான் எழுந்திருப்பதற்குள் உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்து, பின்கதவைப் பிளந்து, உள்ளே இருந்த ரோலை முழம் முழமாக வெளியே உருவினான். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. கேமராவைச் சுவரில் அடித்தான். அப்புறம் தானே பயந்துபோனவன்போலத் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான். நெகட்டிவும் பிரிண்டும் என் கைப்பையில் இருந்தன. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் டிரைவரின் ஊரைப் பார்த்துக்கொண்டு, கன்னம் வீங்கியபடி டவுன் பஸ் ஏறினேன்.

தளிக்குப் போகும் வழியில் ஒரு ஊர். ஷீட் போட்ட வீடு. டிரைவரின் அம்மா “பாம்மா, கூத்கோ” என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லிப் பாய் விரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். டிரைவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெங்களூரிலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்க முடியாது. ஸ்ட்ரா வழியாகக் கஞ்சி. அவருடைய அண்ணன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். உயரமான ஆள். அவருடைய கையைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

படத்தை டிரைவரின் மடியில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.  அப்புறம் டிபன்காரரின் முகத்தை விரலால் தொட்டார். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. இரண்டு கையையும் கூப்பி அந்தப் படத்தைக் கும்பிட்டார். அழுதால் தாடை வலிக்கும் போலிருக்கிறது. வலியில் முகம் கோணியது, அழுகை நிற்கவில்லை.

அண்ணன் படத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

“யாரு இவரு? அந்த டிபன்காரரா?”

“ஆமாங்க. அவரு அடிக்கல. இவரத் தூக்கினாரு.”

“இது உன்கிட்ட அன்னிக்கே இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“ஏனம்மா, அப்புறம் எதுக்கு அத கண்ணாடியில வெச்ச? இத வெச்சிருக்கலாமில்ல?”

என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். “அது நல்லா வந்திருந்துச்சுங்க” என்றேன்.

பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்து எறிந்தார். அது என் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டுத் தண்ணீர் என்மேல் தெறித்தது. அம்மா கத்திக்கொண்டு குறுக்கே வந்தார். அந்த மனிதர் மறுபடி கையை ஓங்கி, ஓங்கிய தன் கையைத் தானே பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் ஒடச்சிட்டேனே, நான்தானே ஒடச்சேன்” என்று தன் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருக்க முடியாத அடி. அம்மாவும் நானும் சேர்ந்து அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நான்கு நெகட்டிவையும் கொடுத்தேன். எஸ்.ஐ. லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “கம்பி வச்சிருந்தவன் மூஞ்சி எங்கம்மா?” என்றார். இல்லை. முதல் இரண்டு படத்திலும் முதுகுகள்தான். சுவருக்கு வைத்ததால் முதுகுகள் எல்லாம் ஒரே கறுப்பு. சட்டை என்ன நிறம், கோடு போட்டதா, கட்டம் போட்டதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த யாரும் கடைசிவரை பிடிபடவில்லை. டிரைவரின் அண்ணன் மட்டும் தானாகவே வந்து, கையை உடைத்தது நான்தான் என்று சொல்லி உள்ளே போனார்.

டிபன்காரருக்கு ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருந்தார்கள். வார்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். “அந்தப் படம் எடுத்தது நான்தாங்கண்ணா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என் கைய திருப்புன பொண்ணுதானே நீ?”

“ஆமாங்க.”

“எத்தன எடுத்த அன்னிக்கி?”

“நாலு.”

“அந்த நாலுல அந்தப் பொண்ணு இருக்குதா? பஸ்சுல செத்துப்போன பொண்ணு.”

“இல்லீங்க.”

“காலையில என்கிட்டதான் டப்பாவுல இட்லி வாங்கினு போவும். அவங்கப்பன் வந்திருந்தான். அந்தப் புள்ள பெரிசானப்பறம் எடுத்த போட்டோ ஒண்ணுகூட ஊட்டுல இல்லேன்னு அழுதான். நீ ஒண்ணாவது எடுத்திருந்தா குடுத்திருக்கலாம். என்னை எடுத்து என்னா ஆச்சு?”

அவள் பத்தடி தள்ளித்தான் கிடந்தாள். பஸ்ஸின் நிழலில். அங்கே வெளிச்சம் போதாது என்று நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

“போம்மா. உன்ன பாத்தா எனக்கு ஆவல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணனோடு இரண்டு மாதம் பேச்சில்லை. நான் வேலைபார்க்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு மாறிக்கொண்டேன். ஒருநாள் அவன் கேமராவை ரிப்பேர் செய்து, துணியில் சுற்றி, ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு வருடம்போல அதைத் தொடவில்லை. அப்புறம் மறுபடி எடுக்க ஆரம்பித்தேன். ஸ்டுடியோக்காரரிடம் கேட்டுச் சாதுவான டெவலப்பர் வாங்கினேன். முகங்களுக்கு வைக்கிறேன். சுவர்கள் வெளுத்துப்போகின்றன. பழைய படங்களைப்போல இவை ஆளை அடித்து நிறுத்துவதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உண்மைதான்.

டிபன் வண்டி மூன்றாவது மாதத்தில் மறுபடி திறந்தது. அடுப்பில் மனைவி நின்றார். டிபன்காரர், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் தட்டு எடுத்துக் கொடுத்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. காலை டூட்டிக்குப் போகும்போது சில நாள் நான் எதிர்ப்பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைக் கடக்காமல் நின்று பார்ப்பேன்.

அப்படி ஒருநாள் டிரைவரின் அண்ணன் அங்கே இருந்தார். ஜாமீனில் வந்திருந்தார். நேராகப் போய் வண்டிக்குக் கீழிருந்த காலித் தண்ணீர் டிரம்மை எடுத்தார். அடிக்கத்தான் எடுக்கிறார் என்று டிபன்காரரின் மனைவி அலறினார். கரண்டியோடு சாம்பாரை அள்ளி அவர்மேல் வீசினார். கொதிக்கும் சாம்பார், கழுத்திலிருந்து மார்புவரை வழிந்தது. அவர் ஒரு முனகலோடு குனிந்து, சட்டையை உடம்பிலிருந்து பிரித்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே டிரம்மைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். கழுத்தில் பர்னால் களிம்பு தடவியிருந்தது. அந்த அம்மா அவர் காலடியில் துப்பினார். அதற்கு மறுநாளும் வந்தார். கேஸ் வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்ச வருகிறான் என்று பேசிக்கொண்டார்கள். கேஸ் வாபஸ் ஆகவில்லை, நடந்தது. அதற்கு அப்புறமும் வந்தார். தண்ணீர் தூக்கினார், மாவு அரைத்த கிரைண்டர் கல்லைக் கழுவினார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாய் டீ கொடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் நான் முதல்முறையாக ரோட்டைக் கடந்து போய் அங்கே நின்றேன். டிபன்காரர் என்னைப் பார்த்தார். டிரைவரின் அண்ணன் நிறைந்த டிரம்மைத் தூக்கிவந்து வழக்கமான இடத்தில் இறக்கினார். டிபன்காரர் ஸ்டூலில் இருந்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், எரிச்சலாகச் சொன்னார்:

“அங்க வெக்காத. வர்றவங்க தடுக்கி வுழுவாங்க. வண்டிக்கு இந்தப் பக்கம் வை.”

அவர் டிரம்மை மறுபடி தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.